நீங்க எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தீங்க?

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். இண்டியானாபொலிஸ் பக்கம் நாங்க குடி வந்த முதல் குளிர்காலத்துலயே, கேக்காமலே அவரோட மெஷினை உருட்டிட்டு வந்து எங்க வாசல் பனியையும் சேத்துத் தள்ளிக் குடுத்தவர், அதனால அவர் எதுக்குக் கூப்பிட்டாலும் மாட்டேன்னு சொல்ல வாய் வராது. 2013 ஆகஸ்ட்ல ஒரு நாள் வேலியோரம் நின்னுட்டு, என் தம்பிக்கு முட்டில ஆபரேஷன், ஒரு டிக்கெட் சும்மா கிடக்கு, வர்றியான்னார். எதுக்குன்னேன். டிரம் கோர் ஃபைனல்ஸ்ன்னார். ஏதோ பேண்டு வாத்தியம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும், பாவம் பெரிய மனுஷன் கூப்பிடுறார்னு போனேன். நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி வீட்டுக்கு வந்து தூக்கம் வராம யூடியூப்ல அதையே தேடிட்டு உக்காந்திருந்தேன், என் வீட்டம்மா எந்திரிச்சு வந்து என்னாச்சு உங்களுக்குன்னு கேட்டது இப்பவும் நினைப்பிருக்கு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிரம் கோர்னா பித்தளை வாத்தியம், டிரம், கொடி, அவ்ளோதான். கிளாரினெட் கிடையாது, ஃப்ளூட் கிடையாது, சாக்ஸ் கிடையாது. எல்லாம் காலேஜ் வயசுப் பசங்க, 22க்கு மேல போனா வெளிய. கோடை லீவு முழுக்க பஸ்ல ஊர் ஊராப் போயி, ஸ்கூல் ஜிம் தரைல படுத்துத் தூங்கி, பகல் பூரா வெயில்ல ப்ராக்டிஸ் பண்ணி, ஒரே ஒரு ஷோவை, கிட்டத்தட்ட 12 நிமிஷம், ஆகஸ்ட் வரைக்கும் செதுக்கிட்டே இருப்பாங்க. அந்த வருஷம் ஒரு கோர்ல 150 பேர் வரைக்கும் இருக்கலாம். அதுல பெரும்பாலான வாத்தியக்காரங்க 100 கெஜம் ஃபுட்பால் மைதானத்துல வாசிச்சுக்கிட்டே ஓடுவாங்க. நடக்குறதில்ல, ஓடுறது. ஊதிக்கிட்டே ஓடுறது எவ்ளோ கஷ்டம்னு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டே ஃபோன் பேசிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி சாண்டா கிளாரா வேன்கார்டுங்கிற கோர் வந்து வாசிச்சது 'லே மிஸராப்' மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம். அதுக்கு முந்தின டிசம்பர்லதான் அந்தக் கதை படமா வந்து ஊரே அழுதுட்டு இருந்துச்சு, அதனால ஸ்டேடியத்துல இருந்தவங்கள்ல நிறைய பேருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டிரம் வரிசை. ஸ்னேர் வாசிக்கிறவங்க வரிசையா நின்னு அடிக்கிறாங்க, எல்லா குச்சியும் ஒரே உயரத்துக்கு எந்திரிக்குது, ஒரே உயரத்துல இருந்து விழுது, ஒரே ஆள் அடிக்கிற மாதிரி சத்தம். அந்த டிரம் பகுதியை எழுதுனவர் பால் ரெனிக்னு பின்னாடி தெரிஞ்சுது, அவரும் அவர் மனைவி சேண்டி ரெனிக்கும் இந்த உலகத்துல பெரிய பேரு. நான் அந்தக் குச்சிகளை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல. அந்த ஆட்கள் எங்க போனாலும் என் தலையும் கூடவே போச்சு.

திடீர்னு என்னைச் சுத்தி எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்துறாங்க. முன் வரிசைல ஒரு அம்மா கையால வாயைப் பொத்திக்கிட்டு அழுவுறாங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. மைதானத்தோட இன்னொரு கோடில என்னமோ நடந்திருக்கு. நான் குச்சி பாத்துட்டு இருந்திருக்கேன்.

இடைவேளைல பெரியவர் சிரிச்சார். முதல் தடவை வர்ற எல்லாருக்கும் நடக்கிறதுதான், நீ எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன்னு கேட்டார். டிரம்னு சொன்னேன். அப்ப அதுதான் உன் மொமெண்ட், வச்சுக்கோன்னார்.

அந்த வார்த்தையை அன்னைக்குதான் முதல்ல கேட்டேன். இந்த ரசிகர்கள் ரெண்டு பேர் சந்திச்சா ஷோ நல்லாருந்துச்சான்னு கேக்க மாட்டாங்க, உன் மொமெண்ட் எதுன்னு கேப்பாங்க. பாப்கார்ன் வரிசைல நிக்கும்போது எனக்கு முன்னாடி நின்னவர்கிட்ட பெரியவர் கேட்டார், அவர் ஒண்ணு சொன்னார். அவர் கூட வந்த பொண்ணு இல்லவே இல்ல அது ஒண்ணுமே இல்ல, அதுக்குப் பதினஞ்சு செகண்ட் கழிச்சு வர்றதுதான்னு சொல்லுச்சு. அப்புறம் பின்னாடி நின்னவர் உள்ள பூந்தார். ஒரே ஷோ, மூணு பேரும் ஒரே செக்‌ஷன்ல உக்காந்து பாத்திருக்காங்க, மூணு பேரும் வேற வேற ஷோ பாத்திருக்காங்க. வேன்கார்டுக்கு அன்னைக்கு நாலாவது இடம்தான். கரோலினா கிரவுன்ங்கிற கோர் 100க்கு 98.30 வாங்கி முதல் தடவையா ஜெயிச்சாங்க. ஆனா பாப்கார்ன் வரிசைல யாரும் மார்க் பேசல.

ஏன் இப்படின்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். மியூசிக்கல்ங்கிறது தியேட்டர்ல ரெண்டு விஷயத்தை நம்பி நடக்குது. ஒண்ணு பாட்டு வரிகள், இன்னொண்ணு வெளிச்சம். கதாநாயகி அழணும்னா மத்த லைட்டை எல்லாம் அணைச்சிட்டு அவ முகத்துல மட்டும் அடிப்பான், நீங்க வேற எங்கயும் பாக்க முடியாது. பாக்க வேண்டியதை அவனே எடுத்து உங்க கண்ணு முன்னாடி வச்சிடுவான். டிரம் கோர்ல ரெண்டும் இல்ல. 2004 வரைக்கும் மைக்கே வைக்கக் கூடாதுன்னு ரூல், பாட்டை ஊதித்தான் காட்டணும். வெளிச்சம்னா மொத்த ஸ்டேடியத்துக்கும் ஒரே ஃப்ளட் லைட். கதாநாயகியா வர்ற பொண்ணும், அவளுக்கு 60 கெஜம் தள்ளி டியூபா தூக்கிட்டு ஓடுற பையனும் ஒரே வெளிச்சத்துலதான் நிக்கிறாங்க.

வரிகள் இல்லாததை ரசிகர்கள் சமாளிச்சுக்குவாங்க. முன் வரிசை அம்மா வாயைப் பொத்துறதுக்கு முன்னாடி அவங்க உதடு அசைஞ்சதை நான் பாத்தேன், வாத்தியம் ஊதுற பாட்டுக்கு அவங்க வரியைச் சொல்லிட்டு இருந்தாங்க. நம்ம கல்யாணத்துல நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு எடுத்தா பந்தில உக்காந்திருக்கிற பாட்டி முணுமுணுக்குற மாதிரியேதான். வெளிச்சம் இல்லாததுதான் பிரச்சனை. அதாவது பிரச்சனைன்னு நான் நினைச்சது. பெரியவர்கிட்ட பத்து வருஷம் சேந்து சுத்துனதுக்கு அப்புறம் அதுதான் இதோட ருசியேன்னு தோணுது.

பழைய காலத்துல இந்தச் சிக்கல் ரொம்ப இல்லையாம். மைதானத்து நடுக்கோட்டை வச்சு இடது பக்கம் என்ன நடக்குதோ அதேதான் வலது பக்கமும், கண்ணாடில பாத்த மாதிரி. ஒரு பாதியைப் பாத்தா மறு பாதியைப் பாத்த கணக்குதான். அதை உடைச்சதுல பெரிய பங்கு நியூ ஜெர்சில இருந்த கார்ஃபீல்டு கேடட்ஸுக்கும் அவங்களுக்கு ட்ரில், அதாவது யார் எப்ப எங்க நகரணும்ங்கிற திட்டம், எழுதுன ஜார்ஜ் ஜிங்காலிக்கும். 80கள்ல அவர் எழுதுனதுல இடதும் வலதும் பொருந்தவே பொருந்தாது, கோடுகள் வளையும், கிழியும், ஒரு கும்பல் ஒரு பக்கம் பறக்கும்போது இன்னொரு கும்பல் எதிர்ப்பக்கம் சுத்திட்டு இருக்கும். 1984ல அட்லாண்டால அவங்க எடுத்துட்டு வந்தது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசை, 1957ல பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கோட பெரிய தியேட்டர் வட்டாரத்துக்கு வந்தது, தெருவுல ரெண்டு கேங் மோதிக்கிற கதை. ரெண்டு கேங் கதைக்குக் கண்ணாடி மாதிரி ட்ரில் எப்படிப் பொருந்தும் சொல்லுங்க. 98.0 வாங்கி ஜெயிச்சாங்க. 1983, 84, 85னு வரிசையா மூணு வருஷம் பட்டம், இந்தப் போட்டியை நடத்துற டி.சி.ஐ அமைப்போட முதல் ஃபைனல்ஸ் 1972ல நடந்ததுக்கு அப்புறம் அதுவரைக்கும் யாரும் அப்படி ஜெயிச்சதில்ல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டிரம் கோர்ல ஊதுற பித்தளை வாத்தியத்துக்கு பியூகிள்னு பேரு, அப்ப அதுக்கு ரெண்டே ரெண்டு வால்வுதான் அனுமதி, மூணாவது வால்வு 1990லதான் வந்துச்சு. சாதாரண டிரம்பெட்ல மூணு இருக்கும். ஒரு வால்வு கம்மின்னா கீழ்ஸ்தாயில சில சுரங்கள் அந்த வாத்தியத்துல கிடையவே கிடையாது, என்ன ஊதுனாலும் வராது. மேல போகப் போக இயல்பா வர்ற சுரங்கள் நெருங்கிடும், அதனால ஓட்டை அடைபட்டுரும். பெர்ன்ஸ்டைனோட அந்த இசை முழுக்க பக்கத்துப் பக்கத்து அரைச் சுரங்களும் அந்தக் கோணலான தாவலும்தான், 'மரியா'ன்னு கூப்பிடுற முதல் ரெண்டு சுரத்துலயே காதுல ஒரு முள்ளு குத்தும், மூணாவது சுரம் வந்துதான் அதை எடுக்கும். இதை ரெண்டு வால்வுல ஊதுறதுன்னா, இல்லாத சுரத்தை எல்லாம் சுத்திக்கிட்டுப் போய் எழுதணும். நாலு விரல்ல தவில் வாசிச்சுக் காட்டுன்னு சொல்ற மாதிரி.

இந்த மியூசிக்கல்ல ரசிகர்கள் ஒருத்தர் விடாம ஒத்துக்குற மொமெண்ட் ஒண்ணுதான், மாம்போ. அந்த டான்ஸ் இசைல வாத்தியக்காரங்களே வாத்தியத்தைக் கீழ இறக்கிட்டு "மாம்போ!"ன்னு கத்தணும்னு பெர்ன்ஸ்டைனே எழுதி வச்சிருக்கார். ஸ்டேடியத்துல அதை யார் கத்துவாங்க? சீட்ல இருக்கிறவங்கதான். கேடட்ஸ் இதே மியூசிக்கலை 1994லயும் 2009லயும் திரும்ப எடுத்தாங்க. பெரியவர் மூணு தடவையும் கத்துனாராம், மூணாவது தடவை தொண்டை கட்டி அடுத்த நாள் சர்ச்சுல பாட முடியலன்னு சொன்னார். அதுல எந்தப் பக்கம் பாத்தீங்கன்னு கேட்டா பதில் கிடையாது. கண்ணை மூடிட்டுத்தான் கத்துவேன்ங்கிறார்.

அவரோட சொந்த மொமெண்ட் அது இல்ல. அவருக்கு 1989. கேன்சஸ் சிட்டி, ஏரோஹெட் ஸ்டேடியம், அதே சாண்டா கிளாரா வேன்கார்டு. 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' 1988 ஜனவரி 26ல பிராட்வேல திறந்துச்சு, அந்தக் கோடைலயே வேன்கார்டு அதை மைதானத்துல இறக்கிட்டாங்க. அங்க உக்காந்திருந்தவங்கள்ல நியூயார்க் போய் டிக்கெட் வாங்கிப் பாத்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? பெரியவரும் பாக்கல. லண்டன் கேசட் மட்டும் ஓட்டி ஓட்டிக் கேட்டு வச்சிருந்தார். அவரைப் பொறுத்தவரைக்கும் ஃபேன்டம் முதல்ல வந்தது ஃபுட்பால் மைதானத்துலதான், தியேட்டர்ல வந்தது அதோட நகல். 2006 வாக்குல நியூயார்க் போய்ப் பாத்துட்டு வந்து, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இடம் ரொம்பச் சின்னதுன்னாராம்.

வேன்கார்டு 1987ல ரெண்டாவது, 1988லயும் ரெண்டாவதுன்னு வந்து வெந்து போய், அதே ஃபேன்டத்தை விடாம 1989லயும் எடுத்துட்டு வந்தாங்க. ஒரு கோர் ஒரே மியூசிக்கலை ரெண்டு வருஷம் எடுக்குறது பந்தயத்துல ரிஸ்க்தான், ஏற்கனவே பாத்ததுதானேன்னு ஜட்ஜ் நினைச்சா போச்சு. 98.8 வாங்கி ஜெயிச்சாங்க. ரெண்டாவது வந்தது யார் தெரியுமா, இல்லினாய்ஸ் ராக்ஃபோர்டுல இருந்து வந்த ஃபேன்டம் ரெஜிமென்ட், 98.4. பேர்லயே ஃபேன்டம் இருக்கிறவங்களை ஃபேன்டம் வாசிச்சே தோக்கடிச்சிட்டாங்கன்னு இந்த ஜோக்கை அவர் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லுவார், நாங்களும் நாலு தடவை சிரிப்போம்.

தியேட்டர்ல அந்த நாடகம் ஆரம்பிக்கும்போது கீழ கிடக்குற சரவிளக்கு எந்திரிச்சு ஜனங்க தலைக்கு மேல போகும், ஆர்கன் இடிக்கும், அரை அரைச் சுரமா கீழ இறங்குற அந்த இசை வரும். மைதானத்துல ஆர்கன் ஏது. அத்தனை பித்தளையும் சேந்துதான் ஆர்கன். நான் அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல வீடியோவுலதான் பாத்தேன், அதுலயே முடி சிலிர்த்துச்சு. ஆனா பெரியவர் மொமெண்ட் அந்த இடி இல்ல. நடுவுல வாத்தியம் எல்லாம் அடங்கி மெல்லிசா ஊதுற ஒரு இடம். இத்தனாயிரம் பேர் இருக்கிற ஸ்டேடியத்துல, எனக்கு ரெண்டு வரிசை கீழ பீர் விக்கிறவன் தட்டைக் கைல வச்சுட்டு அப்படியே நின்னான், திரும்பி மைதானத்தைப் பாத்தான், நான் அவனைத்தான் பாத்துட்டு இருந்தேன்னார். கொஞ்ச நேரம் எனக்குப் புரியல. அவரோட வாழ்நாள் மொமெண்ட்ல அவர் மைதானத்தையே பாக்கல!

வேன்கார்டுக்கும் மியூசிக்கலுக்கும் உள்ள உறவு தனிக் கதை. 1967ல கெயில் ராயர் ஆரம்பிச்ச கோர் அது, அவங்க குழுப்பாட்டே 'செண்ட் இன் த க்ளவுன்ஸ்', அதுவும் ஒரு மியூசிக்கல்ல இருந்து வந்ததுதான். ஆனா பழைய ரசிகர்கள்கிட்ட வேன்கார்டு மொமெண்ட்னு கேட்டா நேரா பாட்டில் டான்ஸுக்குத்தான் போவாங்க. 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'ல யூதக் கல்யாணத்துல தலைல பாட்டில் வச்சுக்கிட்டு ஆடுற ஆட்டம், நாடகத்துல அதை அமைச்சது ஜெரோம் ராபின்ஸ், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கும் அவரேதான். வேன்கார்டு 70கள்ல அதை மைதானத்துக்குக் கொண்டு வந்தாங்க, 1992ல ஷோ முழுக்க ஃபிட்லரையே எடுத்தாங்க. விரைப்பா நடை போட்டுட்டு இருந்த பசங்க தோளோட தோள் சேத்து வரிசை கட்டி, குனிஞ்சு காலை உதைச்சு ஆடுவாங்க, இசை மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏறும். அதுவரைக்கும் மிலிட்டரி மாதிரி இருந்தது ஒரு நிமிஷத்துல கல்யாண வீடாயிரும். இந்த ஒரு மொமெண்டுக்கு மட்டும் எந்தப் பக்கம் பாத்தேன்னு சண்டையே வராது, எல்லாரும் ஒரே வரிசையைத்தான் பாப்பாங்க. எனக்கென்னமோ அதனாலயே அது கொஞ்சம் லேசாப் படுது. இதை பெரியவர் முன்னாடி சொல்ல மாட்டேன்.

1991ல 'மிஸ் சைகான்'. அது பிராட்வேல திறந்தது அந்த வருஷம் ஏப்ரல்லதான், சூட்டோட சூடா எடுத்துட்டாங்க. லே மிஸராப் இசையமைச்ச அதே க்ளோட் மிஷேல் ஷோன்பெர்க்தான் இதுக்கும், ஆக வேன்கார்டு 22 வருஷ இடைவெளில ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை போயிருக்காங்க. தியேட்டர்ல ஹெலிகாப்டர் ஒண்ணு மேல இருந்து இறங்கும், அதைப் பாக்கவே டிக்கெட் வாங்குனாங்க. மைதானத்துல ஹெலிகாப்டரை டிரம்மே வாசிச்சிருச்சு, ஆட்கள் நின்ன வடிவமே இறக்கையாச் சுத்துச்சுன்னு ஒருத்தர் எனக்கு பார்க்கிங் லாட்ல நின்னு கையைச் சுத்திச் சுத்திக் காட்டுனார். வியட்நாம் போய் வந்தவர். அவர் மொமெண்டைப் பத்தி நான் மேல எதுவும் கேக்கல.

மைக் வந்ததுக்கு அப்புறம் சில கோர்கள் ஷோ நடுவுல பேச ஆரம்பிச்சாங்க, கதையைச் சொல்றது, பாடுறது. நல்லா பண்றவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பேச்சு வந்தா அதுவே ஸ்பாட் லைட் ஆயிருது. இங்க பாரு, இதைத்தான் ஃபீல் பண்ணணும்னு சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் பாப்கார்ன் வரிசைல பேச என்ன இருக்கு? வாயை மூடிட்டு வாசிங்கப்பான்னு எனக்கே கத்தத் தோணும், சீனியர் ரசிகர்கள் கத்தியே இருக்காங்க.

வீடியோலயும் இதே சண்டை உண்டு. மல்ட்டி கேம்னா பல கேமரா வச்சு வெட்டி வெட்டிக் காட்டுறது, முகம் தெரியும், வேர்வை தெரியும், கொடி பிடிச்ச பொண்ணு அழுறது தெரியும். ஹை கேம்னா மேல ஒரே ஒரு கேமரா, மைதானம் முழுசும் அசையாமத் தெரியும், ஆட்கள் எல்லாம் எறும்பு. புதுசா வந்தவங்க மல்ட்டி கேம் கேப்பாங்க. முத்திப் போனவங்க ஹை கேம்தான். மல்ட்டி கேம்ல எடிட்டர் மொமெண்டைத்தான் நான் பாக்குறேன், என் மொமெண்ட் எங்கன்னு பெரியவர் கேப்பார். 2013 லே மிஸராப்பை நான் மல்ட்டி கேம்ல பாத்தப்ப என் ஸ்னேர் வரிசை மொத்தமா சேத்து சில செகண்ட்தான் வந்துச்சு. நான் மூணு நிமிஷம் பாத்தவன் சார்.

கேடட்ஸ் இப்ப இல்ல. 1934ல கார்ஃபீல்டு சர்ச் பசங்களை வச்சு ஆரம்பிச்சது, 2024ல இழுத்து மூடிட்டாங்க, 90 வருஷம். வேன்கார்டும் 2023ல ஒரு வருஷம் இறங்கல, 2024ல திரும்பி வந்தாங்க. நியூயார்க்ல ஃபேன்டம் நாடகமும் 2023 ஏப்ரல்ல, 13,981 காட்சிக்கு அப்புறம் திரை போட்டுட்டாங்க. பெரியவர் இதை எல்லாம் ஒரே மூச்சுல சொல்லிட்டு, முட்டி ஆபரேஷன் பண்ண தம்பியும் போயிட்டான், அவன் டிக்கெட்தான் நீ உக்காந்திருக்கிறதுன்னார். ஒவ்வொரு ஆகஸ்டும் அதே சீட்தான் வாங்குறோம்.

அந்தத் தம்பி மொமெண்ட் எதுன்னு ஒரு நாள் கேட்டேன். பாட்டில் டான்ஸ்னார். நல்லவேளை நான் வாயைத் திறந்ததில்ல.

என் பொண்ணு இப்ப ஹைஸ்கூல் பேண்டுல மெல்லோஃபோன் வாசிக்கிறா. போன குளிர்காலத்துல ஒரு சனிக்கிழமை, வெளிய முழங்கால் பனி, பெரியவர் பேஸ்மெண்ட்ல 1989 ஹை கேம் ஓடிட்டு இருந்துச்சு. அவர் சாஞ்சு உக்காந்துட்டார், அவர் இடம் வரப் போகுது, பீர்க்காரன் நின்ன இடம், அந்த இடத்துக்கு மட்டும் அவர் மூச்சு மாறும். நானும் பேசாம உக்காந்திருந்தேன். பொண்ணு தரைல உக்காந்து டிவி கிட்ட போயி, "தாத்தா, இங்க ஓரத்துல பாருங்க, இவங்க என்ன பண்றாங்க?"ன்னு விரலை வச்சுக் காட்டுனா.

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "எந்த ஓரம்?"

"இதோ, இந்த நாலு பேரு."

அவர் முன்னாடி குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தார். அவர் இடம் வந்துச்சு, போச்சு, கவனிக்கவே இல்ல. அப்புறம் சோபா இடுக்குல ரிமோட்டைத் தேட ஆரம்பிச்சார்.